ஓல்டு சேரம்: குடியிருப்பே இல்லாத தொகுதியும் சென்னைக் கோட்டையின் பணமும்

#1 ஏரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் பழைய ஆளுநர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தாமஸ் பிட் என்ற பெயருக்கு வந்ததும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் அவர். இங்கிலாந்தில் அவருடைய குடும்பம் ஓல்டு சேரம் என்ற நாடாளுமன்றத் தொகுதியைச் சொந்தமாக வைத்திருந்தது என்று ஒரே ஒரு வரி இருந்தது. நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கலாம், தோப்பை வைத்திருக்கலாம். தொகுதியை எப்படிச் சொந்தமாக வைத்திருக்க முடியும்? கிருஷ்ணா ஆற்றங்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்து வைரத்தை விற்ற பணத்தில்தான் பிட் அந்தத் தொகுதியை வாங்கினார் என்று என் நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

#2 சுண்ணாம்புக்குன்று

ஏரிக்கரை ஐயா, நான் சாலிஸ்பரிக்கு அருகில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். ஓல்டு சேரம் மேட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடத்தைப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கதையின் கொடுமை முழுதாகப் புரியாது.

சாலிஸ்பரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் வட்டமான ஒரு மண்கோட்டை இருக்கிறது. இரும்புக் காலத்தில் எழுப்பிய கரைகளும் ஆழமான அகழியும் இன்றும் அப்படியே நிற்கின்றன. நார்மானியர்கள் 1066இல் வந்த பிறகு அதன் நடுவில் ஓர் அரண்மனைக் கோட்டை கட்டினார்கள். பக்கத்திலேயே ஒரு பேராலயமும் எழுந்தது. 1092இல் அதைத் திருநிலைப்படுத்திய ஐந்தாவது நாளே புயலில் சேதமடைந்தது. மரமோ மறைவோ இல்லாத குன்று அது, எந்நேரமும் காற்றடிக்கும். மேலே தண்ணீர் தட்டுப்பாடு. கோட்டைக் காவலர்களுக்கும் குருமார்களுக்கும் ஓயாத பிணக்கு. கடைசியில் ஆயர் ரிச்சர்ட் பூர் காலத்தில் பேராலயத்தைக் கீழே ஆற்றோரச் சமவெளிக்கு மாற்ற முடிவு செய்து, 1220இல் புதியதற்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்றைய சாலிஸ்பரி அதைச் சுற்றி வளர்ந்த ஊர். அதன் பழைய பெயர் நியூ சேரம். மேட்டிலிருந்த பழைய ஆலயத்தை இடித்து அந்தக் கற்களைக் கீழே கொண்டுபோனார்கள்.

மக்களும் இறங்கிப் போய்விட்டார்கள். ஆனால் முதலாம் எட்வர்டு 1295இல் கூட்டிய நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பும்படி ஓல்டு சேரத்துக்கும் அழைப்பு வந்திருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. எட்டாம் ஹென்றி காலத்தில் கோட்டையும் இடிந்து, கற்களை அள்ளிக்கொண்டு போக அனுமதி கொடுக்கும் நிலைக்கு வந்தது. ஊர் அழிந்தது, உரிமை அழியவில்லை. 1832 வரை அந்தப் புல்மேட்டின் பெயரில் இரண்டு பேர் லண்டனில் உட்கார்ந்திருந்தார்கள்.

#3 ஏரிக்கரை

மிக்க நன்றி. ஆளே இல்லாத இடத்தில் யார் வாக்களித்தார்கள்?

#4 பத்திரஎழுத்தர்

அதற்கு நான் பதில் சொல்கிறேன். நில ஆவணங்களோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் ஆழமாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் நகரத் தொகுதிகளுக்கு ஒரே வாக்குரிமை விதி கிடையாது. சில ஊர்களில் நகராட்சிக் குழுவினருக்கு மட்டும் வாக்கு. சில ஊர்களில் வரி கட்டும் வீட்டுக்காரர்களுக்கு வாக்கு. ஓல்டு சேரம் ‘பர்கேஜ்’ வகையைச் சேர்ந்தது. பழைய ஊரின் குறிப்பிட்ட சில மனைகளோடு வாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே வீடு இருக்க வேண்டாம், ஆள் வசிக்க வேண்டாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வாக்கு.

ஆகவே எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதி அவர் கைக்கு வந்துவிடும். தேர்தல் வரும்போது தமக்கு வேண்டிய சிலர் பெயருக்கு மனைகளைத் தற்காலிகமாக மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் வந்து, சொன்ன பெயருக்கு வாக்களித்துவிட்டு, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் பினாமி என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஒரே வேறுபாடு, அங்கே இது ஊரறிய, சட்டப்படி நடந்தது. 1831இல் ஓல்டு சேரத்தின் வாக்காளர்கள் 11 பேர். எல்லாரும் வேறு இடங்களில் வசித்த நில உரிமையாளர்கள்.

#5 சுண்ணாம்புக்குன்று

தேர்தல் நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். மேட்டுக்குக் கீழே வயலில் ஓர் எல்ம் மரம் இருந்தது. நாடாளுமன்ற மரம் என்றே அதற்குப் பெயர். கட்டடம் எதுவும் இல்லாததால் அந்த மரத்தடியில் கூடாரம் போட்டுத் தேர்தலை முடித்தார்கள். மரம் போய்விட்டது, இடத்தைக் குறிக்க ஒரு கல் இருக்கிறது. நான் முதன்முறை போன அன்று சுற்றிலும் பயிர், கொஞ்ச தூரத்தில் ஆட்டு மந்தை, வேறு ஒரு மனிதர் இல்லை. தெற்கே பார்த்தால் 123 மீட்டர் உயரத்துக்குச் சாலிஸ்பரிப் பேராலயத்தின் கூர்கோபுரம் தெரிந்தது. மக்கள் எங்கே போனார்கள் என்பது கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஐநூறு ஆண்டுகளுக்கு மேலாக நாடாளுமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அங்கே நின்றபோது உண்மையிலேயே கோபம் வந்தது.

#6 முத்தியால்பேட்டை

வைரக் கதைக்கு வருவோம். ஏரிக்கரையின் நண்பர் சொல்வது மிகப் பரவலான தவறு. ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் போதும்.

பிட் 1670களில் இந்தியாவுக்கு வந்தவர். வங்காளக் கரையில் பாலசோரில் இருந்துகொண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோக உரிமையை மதிக்காமல் தனியாக வணிகம் செய்தார். கம்பெனி அவரோடு வழக்காடியது, கைது செய்தது, அபராதம் விதித்தது. அவரோ பணக்காரராகத் திரும்பிப் போனார். அந்தப் பணத்தில்தான் ஓல்டு சேரத்தை அடுத்த ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் நிலம் வாங்கினார். சாலிஸ்பரிப் பிரபுவின் குடும்பத்திடமிருந்து 1691 வாக்கில் தொகுதியின் மனைகளும் அவர் கைக்கு வந்தன. 1695இல் அதன் உறுப்பினராகவும் ஆனார். அடக்க முடியாத ஆளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதே நல்லது என்று கம்பெனி நினைத்தது. அதன் பிறகுதான் சென்னை ஆளுநர் பதவி.

வைரம் வந்தது ஆளுநரான பிறகு. 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல். ஜம்சந்த் என்ற வைர வணிகர் கோட்டைக்குக் கொண்டுவந்தார். பேரம் நீண்டு கடைசியில் 48,000 வராகனுக்கு (அன்றைய தங்க நாணயம்) முடிந்தது. 1702இல் மகன் ராபர்ட்டிடம் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பட்டை தீட்டிய பிறகு 141 காரட் அளவுக்கு நின்றது. 1717இல் பிரான்ஸின் ஆட்சிக் காப்பாளராக இருந்த ஓர்லியான் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். ‘ரீஜென்ட்’ என்ற பெயரில் பாரிஸ் லூவ்ரில் இருப்பது அந்தக் கல்தான். வைரப் பணம் வந்த ஆண்டில் அவர் வாங்கியது கார்ன்வாலில் உள்ள போகானக் என்ற பெரும் பண்ணை. ஓல்டு சேரம் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அவர் கையில் இருந்தது.

சென்னையில் அவர் செய்தவற்றையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1702இல் முகலாயர்களின் கர்நாடக (இன்றைய மாநிலம் அல்ல, ஆர்க்காட்டைச் சேர்ந்த சீமை) அதிகாரி தாவூத் கான் கோட்டையை மூன்று மாத காலம் முற்றுகையிட்டபோது இவர்தான் தாக்குப்பிடித்துப் பேசி முடித்தார். 1707இல் வெடித்த இடங்கை, வலங்கைச் சாதிப் பிரிவுகளின் சண்டை இவர் காலத்தில்தான். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களும் 1708இல் கம்பெனிக்குக் கிடைத்தன.

#7 ஏரிக்கரை

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நண்பரிடம் இன்றே சொல்கிறேன். அப்படியானால் நம் கரைப் பணத்துக்கும் அந்தத் தொகுதிக்கும் தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#8 முத்தியால்பேட்டை

அவசரப்பட வேண்டாம். வாங்கிய பணம் வேறு, தொகுதியை வைத்துக்கொண்ட குடும்பத்தின் வளம் வேறு. அதோடு இன்னொரு பெயரைப் பாருங்கள்: ஜார்ஜ் மார்ட்டன் பிட். இவர் தாமஸ் பிட்டின் உறவினர். 1722இல் ஓல்டு சேரத்தின் உறுப்பினரானார். ஓரிரு ஆண்டில் அதை விட்டுவிட்டு கம்பெனி வேலைக்காகச் சென்னைக்கு வந்தார். 1730 முதல் 1735 வரை ஆளுநர். துணி நெய்வோரையும் நூல் நூற்போரையும் குடியேற்றிக் கூவம் ஆற்று வளைவில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது இவருடைய ஆட்சியில், 1734இல். யாருமே குடியிருக்காத ஊரின் பிரதிநிதியாக இருந்தவர் இங்கே வந்து ஒரு புதிய ஊரைக் குடியேற்றினார். சிந்தாதிரிப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

#9 மன்றவாசகர்

அருமையான இழை. ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன், யாரும் தவறாக எண்ண வேண்டாம். வைர பிட் எனப்பட்ட தாமஸ் பிட்டின் பேரன் வில்லியம் பிட் 1735இல் 26 வயதில் ஓல்டு சேரத்திலிருந்துதான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பின்னாளில் சாத்தம் பிரபு ஆகி ஏழாண்டுப் போரை நடத்தியவர் அவர். அண்ணன் கையில் இருந்த குடும்பத் தொகுதியில் ஓர் இடம் கிடைத்தது, இல்லாவிட்டால் குதிரைப்படையின் இளநிலை அதிகாரியாகவே இருந்திருப்பார். அரசியல் சிந்தனையாளர் எட்மண்டு பர்க் 1765இல் வெண்டோவர் என்ற இதே மாதிரியான தொகுதி வழியாக வந்தார். மெக்காலே 1830இல் கால்ன் தொகுதி வழியாக வந்தார். செல்வாக்கில்லாத திறமைசாலிகளுக்கு இந்தச் சிறு தொகுதிகள் திறந்த கதவாக இருந்தன என்று அன்றைய ஆதரவாளர்கள் வாதாடியதில் கொஞ்சமாவது நியாயம் இல்லையா?

#10 பத்திரஎழுத்தர்

நண்பரே, நீங்கள் மூன்று பெயர்களைச் சொல்கிறீர்கள். அந்தத் தொகுதிகள் வழியாக வந்த நூற்றுக்கணக்கானவர்களில் நமக்கு நினைவில் நிற்பவர்கள் அந்த மூன்று பேர் போன்ற சிலர்தான். மற்றவர்கள் புரவலர் சொன்ன பக்கம் கைதூக்கிவிட்டுப் போனவர்கள். கதவு திறந்தது என்கிறீர்கள், சாவி யாரிடம் இருந்தது என்று பாருங்கள். புரவலருக்குப் பிடித்தவர்தான் உள்ளே போக முடியும்.

நீங்கள் சொன்னவர்களே என்ன சொன்னார்கள் என்பதையும் கேளுங்கள். பிட் 1766 ஜனவரியில் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீதான முத்திரை வரியை எதிர்த்துப் பேசினார். அங்குள்ளவர்களுக்கு இங்கே மறைமுகப் பிரதிநிதித்துவம் இருக்கிறது என்ற வாதத்தை மறுக்கும்போது, இந்தச் சிறு நகரத் தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பகுதி என்றும் ஒரு நூற்றாண்டுகூட நிலைக்காது என்றும் சொன்னார். சரியாக 66 ஆண்டுகளில் ஓல்டு சேரம் ஒழிந்தது. அந்த அழுகலின் உள்ளிருந்து வந்தவருக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

#11 முத்தியால்பேட்டை

இதே சாத்தம் பிரபு 1770 ஜனவரியில் பிரபுக்கள் அவையில் பேசியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆசியாவின் செல்வம் நம்மேல் கொட்டப்படுகிறது, அதோடு ஆசிய ஆடம்பரம் மட்டுமன்றி ஆசிய ஆட்சிமுறைக் கொள்கைகளும் வருகின்றன, வெளிநாட்டுத் தங்கத்தைக் கொண்டுவருபவர்கள் பரம்பரைச் செல்வந்தர்களால் தடுக்க முடியாத அளவுக்கு லஞ்சத்தால் நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பேசியவர் சென்னை ஆளுநரின் பேரன்! தாத்தாவின் பணம் இரண்டு தலைமுறையில் பரம்பரைப் பணமாகிவிட்டது. இதைக் கண்டுகொண்டவர்கள் அந்த அவையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அந்த ஆட்சிமுறைக் கொள்கைகள் ஆசியாவிலிருந்து போனவை என்ற பழியை என்னால் ஏற்க முடியாது. மனைப் பத்திரத்தோடு வாக்கை விற்கும் வழக்கத்தை யாரும் ஆர்க்காட்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பவில்லை. அது அவர்கள் மண்ணில் முளைத்தது. இங்கிருந்து போனது பணம் மட்டுமே.

அந்தப் பணம் எப்படிப்பட்டது என்பதற்குப் பால் பென்ஃபீல்டு ஒரு சான்று. இவர் ஓல்டு சேரத்துக்காரர் அல்லர். கிரிக்லேடு, மாம்ஸ்பரி, ஷாஃப்ட்ஸ்பரி தொகுதிகளில் இருந்தவர். சென்னையில் கம்பெனி ஊழியராக இருந்துகொண்டே ஆர்க்காடு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர். 1773இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தபோது, அந்த வயல்களின் விளைச்சலே தனக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உரிமை கொண்டாடினார். ஆளுநர் பிகட் 1776இல் தஞ்சாவூரை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்ததும் சொந்தக் கவுன்சிலே அவரைக் கைது செய்தது. 1777இல் காவலிலேயே இறந்தார். பர்க் 1785 பிப்ரவரி 28இல் நவாபின் கடன்கள் பற்றிப் பேசியபோது, முந்தைய நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உண்டாக்கினார் என்று குற்றம் சாட்டினார். அந்தக் கடன்களுக்காக ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கர்நாடகத்தின் வருவாயிலிருந்து ஒதுக்கப்பட்டது. காவிரிப் பாசனத்துக் குடியானவன் கட்டிய வரி, வில்ட்ஷயரில் ஒரு நாற்காலியாக மாறியது. இதைச் சொல்லாமல் ஓல்டு சேரம் போன்ற உளுத்த தொகுதிகளின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு.

#12 மன்றவாசகர்

ஏற்கிறேன். என் வாதத்தின் எடை குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். பர்க்கை நான் உதாரணமாகச் சொன்னேன், அவரே இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னவர் என்பது நினைவில் இல்லை. ஆனால் பிட் குடும்பத்துக்குள்ளேயே மாற்றம் விரும்பியவர்கள் இருந்தார்கள் அல்லவா?

#13 சுண்ணாம்புக்குன்று

இருந்தார்கள். சாத்தமின் மகன் இளைய பிட் பிரதமராக இருந்தபோது 1785இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். 36 சிறு தொகுதிகளை, அவற்றின் உரிமையாளர்கள் சம்மதத்தோடு, பத்து லட்சம் பவுண்டு நிதியிலிருந்து இழப்பீடு கொடுத்து ஒழிப்பது திட்டம். 174க்கு 248 என்ற வாக்கில் தோற்றது. இழப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். மக்களின் உரிமையைத் திரும்பப் பெற உரிமையாளருக்கு விலை கொடுக்க வேண்டும் என்று சீர்திருத்தவாதியே நினைத்த காலம் அது. அப்போது ஓல்டு சேரத்தை வைத்திருந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன். 1783 விவாதத்தில் தம் தொகுதியை விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொன்னவர் அவர். அடுத்த ஆண்டே கேமல்ஃபோர்டு பிரபு ஆனார்.

அவருடைய மகன் இரண்டாம் கேமல்ஃபோர்டு ஒரு முரட்டு ஆள். 1801இல் ஹார்ன் டூக் என்ற தீவிர சீர்திருத்தவாதியை ஓல்டு சேரத்தில் நிறுத்தி அனுப்பினார். டூக் ஒரு காலத்தில் குருப்பட்டம் பெற்றவர். அவரை எப்படி வெளியேற்றுவது என்று அரசு தலையைப் பிய்த்துக்கொண்டு, குருமார்கள் மக்களவையில் உட்காரக் கூடாது என்று சட்டமே இயற்றியது. டூக் அந்த நாடாளுமன்றம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார். சட்டம் மட்டும் 2001 வரை இருந்தது.

1802இல் கேமல்ஃபோர்டு தொகுதியை விற்றுவிட்டார். விலை 60,000 பவுண்டு என்று பேசப்பட்டது. ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல் தராத நிலம்! பத்திரஎழுத்தர் ஐயா கணக்குப் பார்ப்பார்.

#14 பத்திரஎழுத்தர்

பார்த்தேன். வாடகையை மட்டும் நம்பினால் போட்ட முதலை எடுக்க 85 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எந்த விவசாயியும் அந்த விலைக்கு வாங்க மாட்டான். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு இரண்டு நாற்காலிகளுக்கான விலை.

#15 முத்தியால்பேட்டை

வாங்கியது யார் என்று கேளுங்கள். அயர்லாந்தைச் சேர்ந்த இரண்டாம் கேலிடன் பிரபு. பெயர் டூப்ரே அலெக்சாண்டர். அவருடைய தந்தை ஜேம்ஸ் அலெக்சாண்டர் கம்பெனி ஊழியராக இந்தியாவில் சம்பாதித்தவர். அத்தை ரெபெக்காவின் கணவர் ஜோசியஸ் டூப்ரே, 1770 முதல் 1773 வரை சென்னை ஆளுநர். மகனுக்கு அந்தப் பெயரே வைக்கப்பட்டது. 1802இல் உறுப்பினராக வந்த நிக்கோலஸ் வான்சிட்டார்ட் வங்காள ஆளுநரின் மகன். அந்தத் தந்தை கம்பெனி வேலையைத் தொடங்கியது கடலூரில், புனித டேவிட் கோட்டையில். தொகுதியின் கடைசி இரண்டு உறுப்பினர்களும் அலெக்சாண்டர் குடும்பத்தினரே. ஆக, முதலில் வாங்கியவரும் பின்னால் சென்னை ஆளுநரானார், கடைசியில் வாங்கியவரின் பெயரிலேயே ஒரு சென்னை ஆளுநர் இருந்தார். ஏரிக்கரை ஐயா கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

#16 கூவம்வாசி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முடிவு எப்படி வந்தது என்று யாராவது சொல்லுங்கள் அம்மா, ஐயா. மான்செஸ்டரில் அப்போது எத்தனை உறுப்பினர்கள்?

#17 சுண்ணாம்புக்குன்று

மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் மூன்றுக்கும் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நெசவாலைப் புகைக்கு நடுவே லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் மான்செஸ்டர். 1819இல் அங்கே புனித பீட்டர் திடலில் பிரதிநிதித்துவம் கேட்டுக் கூடியவர்கள்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பீட்டர்லூ என்று அதைச் சொல்கிறோம். வாக்கு கேட்டவர்கள் செத்தார்கள், புல்மேட்டுக்கு இரண்டு நாற்காலி இருந்தது.

1831 மார்ச் 1இல் ஜான் ரசல் பிரபு சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தைப் பார்க்க வரும் ஒரு வெளிநாட்டவரை ஒரு பசும்புல் மேட்டுக்கு அழைத்துப்போய், இது நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்புகிறது என்று சொன்னால் அவர் எவ்வளவு வியப்படைவார் என்று கேட்டார். பெயர் சொல்லாமலேயே அவையில் எல்லாருக்கும் புரிந்தது. மார்ச் 23 அதிகாலை இரண்டாம் வாசிப்பில் 302க்கு 301. ஒரே ஒரு வாக்கு! பின்பு தேர்தல், மறுபடியும் மசோதா, அக்டோபரில் பிரபுக்கள் அவை நிராகரிப்பு. நாட்டிங்காம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டலில் கலவரம். 1832 ஜூன் 7இல் சட்டமானது. 56 தொகுதிகள் முற்றாக ஒழிந்தன. கேலிடன் குடும்பத்துக்கு ஒரு பவுண்டு இழப்பீடும் இல்லை.

#18 பத்திரஎழுத்தர்

ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கிறேன், மகிழ்ச்சியில் மறந்துவிடக் கூடாது. ஓல்டு சேரம் ஒழிந்ததால் மான்செஸ்டர் நெசவாளிக்கு வாக்கு வரவில்லை. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடு வைத்திருந்த ஆண்களுக்கு வந்தது. ‘ஆண் நபர்’ என்ற சொல்லை அந்தச் சட்டம் வெளிப்படையாக எழுதிப் பெண்களுக்குக் கதவை அடைத்தது. ரகசிய வாக்கு 1872இல்தான். அதுவரை முதலாளியும் நிலக்கிழாரும் பார்த்துக்கொண்டிருக்க வாயால் சொல்லித்தான் வாக்களிக்க வேண்டும்.

#19 ஏரிக்கரை

நண்பருக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். வைரக் கணக்கைத் தாம் தவறாகச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு மகளைப் பார்க்க லண்டன் போகிறேன். அந்த மரம் இருந்த இடத்தில் நின்று பார்க்க ஆசை. சுண்ணாம்புக்குன்று, ரயிலில் வந்தால் எப்படிப் போவது?

#20 சுண்ணாம்புக்குன்று

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறிச் சாலிஸ்பரியில் இறங்குங்கள், ஐயா. ஏவன் ஆற்றோரமாக வடக்கே நடந்தால் முக்கால் மணி நேரம். வெயில் காலத்தில் வந்தாலும் காற்றுக்கு ஒரு மேலாடை எடுத்து வாருங்கள். முன்கூட்டி இங்கே ஒரு வரி எழுதுங்கள், நானும் உடன் வருகிறேன்.